மகளின் கப்பலுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று மனைவி சொல்லுவாள். லண்டனில் இருபது வருடமாக பஸ் ஓட்டுகிறவனுக்கு அது வேறு எங்கே இருக்கும்? ஆனால் பஸ்ஸுக்குள் கோபப்பட முடியாது. கமரா பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே அன்றன்றைய கோபத்தை ஒரு துளி சிந்தாமல் மனோர் பார்க்கில் இருக்கிற வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்குவேன். அப்படித் தொடங்கிய ஒரு மாலையில்தான் என் ஒரே மகளிடம், "அந்தக் கப்பலிலேயே கிட. இனி இஞ்சை வராதை" என்று சொன்னேன். அவள் என் பிள்ளை. என் பிடிவாதம் அவளுக்கும் உண்டு. சொன்னபடியே மூன்று வருடம் வரவில்லை.

இதற்கெல்லாம் விதை போட்டவன் நான்தான் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கிழக்கு லண்டனில் பழைய துறைமுகக் குளங்கள் இருக்கின்றன. அதில் சனிக்கிழமைகளில் பாய்ப்படகு ஓட்டப் பழக்குகிறார்களாம், விருப்பமானவர்கள் சேரலாமாம். பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று மனைவி மறுத்தாள். நான்தான் விடவில்லை. அந்தக் காலத்தில் எந்தப் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போனாலும் எங்கள் ஆட்களிடம் ஒரே பேச்சு: யுனிவர்சிட்டிக்கு மார்க்ஸ் மட்டும் போதாது, பிள்ளை வேறு என்ன செய்கிறது என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும். எல்லாருடைய பிள்ளையும் பரதநாட்டியம், எல்லாருடைய பிள்ளையும் பியானோ, கராத்தே. பாய்ப்படகு ஓட்டுகிற தமிழ்ப் பிள்ளை எத்தனை இருக்கும் என்று யோசித்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐந்து வருடம் சனிக்கிழமை தவறாமல் கூட்டிக்கொண்டு போனேன். அவளை இறக்கிவிட்டு, காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பிளாஸ்க்கில் கொண்டுபோன தேநீரைக் குடித்தபடி செய்தி கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாளாவது இறங்கிப் போய், பிள்ளை தண்ணீரில் என்ன செய்கிறாள் என்று பார்த்தேனா? இல்லை. எனக்கு அது விண்ணப்பத்தில் ஒரு வரி. அந்த வரி வேலை செய்தது, பார்மசி படிக்க இடமும் கிடைத்தது. இரண்டாம் வருட விடுமுறையில் பெரிய பாய்க்கப்பல் ஒன்றில் வேலைக்குப் போகிறேன் என்றாள், சரி என்றேன். இலையுதிர்காலம் வந்தது, வகுப்புகள் தொடங்கின, அவள் திரும்பவில்லை. உடுப்பு எடுக்க ஒரு தடவை வீட்டுக்கு வந்தாள். அந்த மாலையைத்தான் மேலே சொன்னேன்.

பிறகு கோயிலில் ஆட்கள் கேட்பார்கள், "மகள் இப்ப என்ன செய்யிறா?" என்று. "வெளிநாட்டிலை, கடல் சம்பந்தமான படிப்பு" என்று மழுப்புவேன். சில மாதத்தில் அது வாய்க்கு வாய் வளர்ந்து, என் மகள் கடல்வாழ் உயிரினங்களை ஆராய்ச்சி செய்கிறவள் என்று எனக்கே ஒருவர் வந்து சொன்னார். நான் மறுக்கவில்லை. அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினேன். அன்று முருகனைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

தாயும் மகளும் தொலைபேசியில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பேசுவார்கள். என் ஷிப்ட் அட்டவணை மகளின் தொலைபேசியிலும் இருந்ததென்று பிறகுதான் தெரிந்தது.

போன மார்ச் மாதம் ஒரு நாள் வேலையால் வந்தபோது, சாப்பாட்டு மேசையில் ஒரு விமான டிக்கெட்டின் பிரதி கிடந்தது. கரிபியன் தீவு ஒன்றுக்கு. என் பெயர் போட்டிருந்தது. மனைவி சட்டியைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் விளக்கம் சொன்னாள். அங்கே பணக்காரர்களின் பெரிய பாய்க்கப்பல்களுக்குப் பந்தயம் நடக்கிறதாம். மகளின் கப்பலும் ஓடுகிறது. கடைசி நாளில் வேலையாட்களின் வீட்டிலிருந்து ஆளுக்கொருவரைக் கப்பலில் ஏற்றுவது கப்பல் முதலாளியின் வழக்கமாம். டிக்கெட்டும் அவர்தான் கொடுக்கிறார்.

"உம்மைத்தானே கூப்பிட்டிருப்பாள்?" என்றேன்.

"ஓம். எனக்குக் கடல் எண்டாத் தலை சுத்தும். உங்கட பேரைக் குடுத்தனான்."

"அவளிட்டைக் கேட்டனீரா?"

"கேட்டனான்."

"என்ன சொன்னவள்?"

"கனநேரம் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு 'ம்' எண்டவள்."

மனைவிக்குக் கடலில் தலை சுற்றாது. பிரான்சுக்குக் கப்பலில் போனபோது தலை சுற்றி வாந்தி எடுத்தவன் நான். மூன்று வருடமாகப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்காத தாய், தன் இடத்தை எனக்குத் தந்துவிட்டு, ஏற்கெனவே மினுங்குகிற சட்டியைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லீவு கிடைக்குமோ தெரியாது என்று முணுமுணுத்துவிட்டு மேலே போய்விட்டேன். இப்போது எழுதுகிறேன், அவள் வாசிப்பாள்: நீர் செய்தது பெரிய காரியம்.

பந்தயத்துக்கு முதல்நாள் மாலை போய் இறங்கினேன். விமான நிலையத்துக்கு மகள் வரவில்லை, ஒரு டிரைவர் என் பெயர் எழுதிய அட்டையோடு நின்றார். துறைமுகத்தில்தான் அவளைக் கண்டேன். கறுத்து, தோள் அகன்று, முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். உள்ளங்கைகளில் தழும்பு. "வந்திட்டீங்களா? பிளைட் ஓகேயா?" என்றாள். தங்கும் அறை எங்கே, காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும், வெயிலுக்கு என்ன பூச வேண்டும் என்று எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். மரியாதையில் ஒரு குறையுமில்லை. ஆனால் அப்பா என்று ஒருதடவைகூடக் கூப்பிடவில்லை. சின்ன வயதில் ஒரு வசனத்துக்கு இரண்டு அப்பா போடுகிறவள், இப்போது பயணிக்கு வழி சொல்வதுபோல மொட்டையாகப் பேசினாள். எனக்குத் தெரிந்துவிட்டது. 'ம்' என்றது தாய்க்காக. எனக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று படுக்கையில் கிடந்து, மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று யோசித்தேன். எங்கள் வீட்டு ஆண்கள் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. வழி தெரியாத ஊரில் பஸ் ஓட்டுகிற மாதிரி இருந்தது.

காலையில் எழும்பியதும் வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. வெறுங்கையோடு எப்படிப் போவது? பிள்ளை வேலை செய்து, சாப்பிட்டு, படுத்து எழும்புகிற இடம் அந்தக் கப்பல். அப்படியென்றால் அது அவள் வீடு. மகள் வீட்டுக்கு முதன்முதல் போகிற தகப்பன் கையை வீசிக்கொண்டு போவானா? சந்தைக்குப் போனேன். நல்ல மஞ்சள் நிறத்தில், பெரிய சீப்பாக வாழைப்பழம் இருந்தது. விற்ற அம்மா என்னை "டார்லிங்" என்று கூப்பிட்டு, இரண்டு பழம் கூடவும் வைத்தார். உச்சி குளிர்ந்து போனேன்.

கப்பலைப் பார்த்ததும் கொஞ்சம் திகைத்துத்தான் போனேன். எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டை இணைத்தால் வருகிற நீளம். பாய்மரத்தின் உச்சியைப் பார்க்கக் கழுத்து நோகும். பக்கத்தில் அதேபோல இன்னும் பல நின்றன. எல்லாவற்றையும் யாரோ அன்று காலையில்தான் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தது போல மினுங்கின. ஏறுகிற பலகைக்கு முன்னால் ஒரு கூடை. செருப்பை அதில் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஏற வேண்டும். கோயில் வாசலில் நிற்பது போன்ற நிம்மதி வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பழச் சீப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பலகையில் காலை வைத்தேன்.

மேலே நின்ற இரண்டு பேரின் சிரிப்பு அப்படியே உறைந்தது. ஒருத்தி உள்ளே ஓடினாள். நியூசிலாந்துக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். கப்பலின் துணைக் கப்டன், தாடி, கை ஒவ்வொன்றும் தோசைக்கல் அளவு. பாம்பைக் கண்டவர்போல இரண்டு கையையும் நீட்டி, தயவுசெய்து அங்கேயே நில்லுங்கள் என்றார். வேலையாட்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். பழத்தில் ஏதும் பூச்சி இருக்கிறதோ என்று நானும் பார்த்தேன்.

மகள் ஓடி வந்தாள். வந்தவள் என் கையைப் பார்த்தாள், கண்ணை மூடித் திறந்தாள்.

"போட்டுக்கு வாழைப்பழம் கொண்டு வரக்கூடாது" என்றாள், மெதுவாக.

"ஏன் பிள்ளை? கறை பிடிக்குமே?"

"இல்லை. பாட் லக். ராசியில்லை. செய்லர்ஸ் எல்லாரும் அப்பிடித்தான். இண்டைக்கு ரேஸ் வேற."

வாழைப்பழம் ராசியில்லையா! கல்யாணம், கோயில், புது வீடு என்று எது நடந்தாலும் அதைத்தானே முதலில் வைக்கிறோம். ஒரு நிமிடம் கோபம்கூட வந்தது. ஆனால் அவர்கள் முகங்களில் கேலி இல்லை, உண்மையான கலவரம் இருந்தது. வெள்ளிக்கிழமை நகம் வெட்டாதே என்று சொல்கிற எனக்கு அது விளங்காதா? என் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று வருடம் கழித்து வந்து, பிள்ளையின் வேலையிடத்தில் முதல் காரியமாகத் துரதிர்ஷ்டத்தை இரண்டு கையாலும் ஏந்தி நிற்கிறேன். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

அப்போது மகள் அவர்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள்: "இவர் என் தகப்பனார். எங்கள் ஆட்கள் ஒரு வீட்டுக்கு முதன்முதல் போகும்போது பழம் கொண்டு போவார்கள். இது என் வீடு என்று நினைத்துக் கொண்டு வந்திருக்கிறார்."

நான் அவளுக்கு ஒன்றும் விளக்கவில்லை. என் மனதில் ஓடியதை அவள் அப்படியே எடுத்து வைத்தாள்.

கப்டன் ஒரு பிரெஞ்சுப் பெண். என் வயது இருக்கும். அவர் வந்து கதையைக் கேட்டு, கொஞ்சம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: அன்பாக வந்த பொருளைக் கடலில் எறிவது அதைவிட மோசம். எல்லாரும் கரைக்கு இறங்குங்கள், இப்போதே சாப்பிட்டு முடியுங்கள், தோல்கூடக் கப்பலுக்கு வரக்கூடாது. வயிற்றுக்குள் இருந்தால் பரவாயில்லையா என்று யாரோ கேட்டார். வயிற்றில் இருப்பது வாழைப்பழம் ஆகாது, காலைச் சாப்பாடு என்றார் கப்டன்.

அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கோடீஸ்வரரின் கப்பலுக்கு முன்னால், ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை போட்ட இருபதுக்கு மேற்பட்டவர்கள் வெறுங்காலோடு வரிசையாக நின்று, அவசர அவசரமாக வாழைப்பழம் சாப்பிட்டார்கள். ஆளுக்கொன்று போதாமல், சிலர் பாதி பாதியாகப் பிய்த்துக்கொண்டார்கள். சாப்பிட்ட கையைச் சட்டையில் துடைத்துவிட்டு ஒவ்வொருவரும் என்னிடம் வந்து நன்றி சொன்னார்கள். துணைக் கப்டன் தோல்களை எண்ணிப் பார்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். மகள் ஒரு பாதியைச் சாப்பிட்டாள். சிரிக்கவில்லை, ஆனால் உதடு கொஞ்சம் கோணியது.

பிறகு கடலுக்குப் போனோம். எங்களைப் போன்ற உறவினர்களைப் பின்பக்கத்தில் இருத்தி, சொல்லும்வரை அசைய வேண்டாம் என்றார்கள். கப்பல்கள் ஒன்றாகப் புறப்படவில்லை. மெதுவாக ஓடுவது முதலில், வேகமாக ஓடுவது கடைசியில் என்று ஒவ்வொன்றாக விட்டார்கள். அப்போதுதான் முடிவில் எல்லாம் நெருங்கி வருமாம். பாய்கள் காற்றைப் பிடித்ததும் கப்பல் ஒரு பக்கம் சரிந்தது. பஸ்ஸை இப்படிச் சரித்தால் அன்றைக்கே என் வேலை போய்விடும். இவர்களோ சரிவில் ஓடித் திரிந்தார்கள். மகளின் வேலை முன்முனையில். எங்கள் பக்கத்து மீனவர்கள் அணியம் என்பார்களே, அங்கே. ஒவ்வொரு அலைக்கும் அவள் தண்ணீரில் மறைந்து மறைந்து வந்தாள். ஐந்து வருடம் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு நான் பார்க்காமல் விட்டது இதைத்தான். எவ்வளவு அழகாகச் செய்தாள்! மடையன் நான், மடையன்.

பாதி வழியில் ஒரு மிதவையைச் சுற்றித் திரும்பியதும், முன்னாலே பெரிய பலூன் மாதிரியான பாயை ஏற்ற வேண்டும். பாதி ஏறிய பாய் அங்கேயே நின்றுவிட்டது. பாய்மரத்தின் உச்சியில் கயிறு சிக்கிக்கொண்டது. எல்லாரும் ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. மகள் அதற்குள் இடுப்புப் பட்டையில் வேறொரு கயிற்றைக் கொழுவிவிட்டாள். துணைக் கப்டன் அதன் மறுமுனையைப் பிடித்து உருளையில் சுற்ற, பிள்ளை மேலே போனாள்.

கப்பல் கொஞ்சம் ஆடினால் பாய்மரத்தின் உச்சி எவ்வளவு வீசும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வீச்சில் அவள் ஒரு கையாலும் இரண்டு காலாலும் மரத்தைக் கட்டிப்பிடித்து, மற்றக் கையால் சிக்கை இழுத்துக்கொண்டிருந்தாள். பார்க்க முடியாமல் கண்ணைக் கீழே இறக்கினேன். அப்போதுதான் துணைக் கப்டனைப் பார்த்தேன். சுற்றிலும் ஆட்கள் கத்தினார்கள், ஓடினார்கள். ஒரு அலை வந்து அவர் முகத்தில் அடித்தது. அவர் துடைக்கவில்லை. கயிறு இரண்டு கையிலும் இருந்தது, கண் என் பிள்ளையில் இருந்தது. அவள் இறங்கி வரும்வரை அந்தக் கண் வேறெங்கும் போகவில்லை.

இறங்கியவளின் தலைக்கவசத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவர் அடுத்த வேலைக்குப் போனார். அவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. வராதே என்று நான் சொல்லிவிட்டு வீட்டில் இருந்த மூன்று வருடமும் என் பிள்ளையை இப்படி ஒருவர் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று நாங்கள் நான்காவதாக வந்தோம். வாழைப்பழத்தை ஒருவரும் குறை சொல்லவில்லை, குறைந்தபட்சம் என் காதுபட.

கரைக்கு வந்ததும் துணைக் கப்டனிடம் போய் நன்றி சொன்னேன். எதற்கு என்று கேட்டார். கயிற்றைப் பிடித்ததற்கு என்றேன். அது தினமும் செய்கிற வேலை என்றார். அதற்குத்தான் என்றேன். உங்கள் மகள் மேலே ஏறுவதற்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்பாள், என்றார் அவர். சாப்பிட்டாயா என்று. நேரமிருந்தால் கட்டாயம் கேட்பாள். பசியோடு இருக்கிறவனிடம் கயிற்றைக் கொடுக்க மாட்டாளாம். தாயின் பிள்ளை, என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மற்ற உறவினர்கள் குளிர்பானமும் கையுமாகக் கரையில் நிற்க, மகள் கப்பலில் குனிந்து விளிம்புக் கம்பிகளில் இருந்த உப்புத் தண்ணீரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நானும் ஏறி, ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து துடைத்தேன். பஸ் துடைத்த கை, பழக்கம்தான். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைக் கம்பியைப் பார்த்துச் சொன்னேன்.

"நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"என்னெண்டு?"

அவளுக்குத் தெரியும். என் வாயால் வரட்டும் என்று காத்திருந்தாள். அது நியாயம்தான்.

"வராதை எண்டு. பிழை என்னிலை. என்னை மன்னிச்சுக்கொள், பிள்ளை."

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. கம்பி முடிந்து, அடுத்த கம்பியும் முடிந்தது. எனக்கு இதற்கு மேல் கேட்க உரிமையில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவள் எழும்பித் துணியைப் பிழிந்தாள். பாய்மரத்தின் உச்சியைக் கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"காலையில சிக்கின இடத்தை ஒருக்கா ஏறிப் பாக்கவேணும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களோ?" என்றாள்.

ஓம் என்று தலையை ஆட்டினேன்.

அவளைத் தூக்குகிற பெரிய கயிறு துணைக் கப்டனிடம் இருந்தது. அது தவறினால் பிடிப்பதற்கென்று இரண்டாவது கயிறு ஒன்று உண்டு. அதை உருளையில் சுற்றி, நுனியை மகள் என் கையில் தந்தாள். எப்படித் தளர்த்துவது, எப்படி இறுக்குவது என்று துணைக் கப்டன் பக்கத்தில் நின்று காட்டினார். அவள் ஏறினாள். உச்சியில் அவள் என்ன செய்தாள், எவ்வளவு நேரம் நின்றாள், ஒன்றும் நான் அறியேன். கழுத்து நொந்தது. வெயில் நேரே கண்ணில் விழுந்தது. யாரோ எனக்குக் குடிக்க ஏதோ நீட்டினார்கள், யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இறங்கும்போது அங்குலம் அங்குலமாகக் கயிற்றை விட்டேன். அவளுடைய கால் தளத்தில் பட்டது. துணைக் கப்டன் தன் கயிற்றை விட்டுவிட்டு என் தோளைத் தொட்டார். என் கை மட்டும் இறுகியபடியே இருந்தது.

மகள் கிட்ட வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து பிரித்தாள்.

"விடுங்கோ அப்பா" என்றாள். "நான் வந்திட்டன்."